ஏட்டுச் சுரைக்காயும் பந்தல் சுரைக்காயும்

(பழனி மலைத் தொடரின் கீழ்மலைச் சிற்றூர் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நமக்கு முன் பேசிய தோழர்கள் சாதியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் மிக விளக்கமாய்ப் பேசிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு எழுந்து நின்று நாம் சுரைக்காயையும் பூசணிக்காயையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "இதற்காகவா இவ்வளவு தூரம் மலையேறி வந்தீர்?" என்று கேட்கவும் தோன்றலாம். ஆனால் நாம் வேண்டுமென்றேதான் இந்தச் சங்கதியை எடுத்துக் கொண்டோம். ஏனென்றால் கடவுளையும் மோட்சத்தையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவற்றைப் பற்றி எவன் எதைச் சொன்னாலும் உண்டென்றோ இல்லையென்றோ வாதாடிக்கொண்டே போகலாம். சுரைக்காய் அப்படியல்ல. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், வாயில் போட்டுச் சுவைக்கலாம். இவ்வளவு பிரத்தியட்சமான ஒரு காயைச் சுற்றியே நம் மக்கள் இத்தனை பொய்யைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று காட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளில் எவ்வளவு பொய் இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கொள்வீர்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இந்த ஒரு பழமொழியை மாத்திரம் நம் ஜனங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால் நம்முடைய இயக்கத்துக்கே வேலை இருந்திருக்காது. ஏட்டில் உள்ளதை ஏட்டோடு விட்டுவிட்டு, பந்தலில் உள்ளதைப் பார்த்து நடந்திருப்பார்கள்.

காய்க்கும் சாதி

முதலில் இந்த மலையின் காயையே எடுத்துக் கொள்வோம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று கீழ்மலையில் எந்தப் பக்கம் போனாலும் சௌசௌப் பந்தல் கண்ணில் படுகிறது. கொத்துக் கொத்தாகக் காய் தொங்குகிறது. மூட்டை மூட்டையாக வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்குகிறது. கீழே இருப்பவர்கள் இதைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்கிறார்கள். நீலகிரியில் மேரக்காய் என்கிறார்கள். ஆனால் இது பெங்களூரிலும் பிறக்கவில்லை, நீலகிரியிலும் பிறக்கவில்லை, கத்தரிக்காய்க்கு உறவும் இல்லை. சுரை, பூசணி, பாகல் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பிறந்தகம் மெக்சிகோவும் அதை அடுத்த நாடுகளுமாகும். அங்கே ஆஸ்டெக் மக்கள் இதைச் சயோட்லி என்று அழைத்தார்கள். கொலம்பஸ் 1492-ல் கடல் தாண்டிப் போன பிறகுதான் அந்தப் பக்கத்துப் பயிர்கள் உலகமெல்லாம் பரவின. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அப்படி வந்தவைதான். பரங்கிக்காயும் அப்படித்தான். அது தன் பேரிலேயே பரங்கியனைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இதில் என்ன ஆச்சரியம் என்றால், திதி கொடுக்கும் வீடுகளில் "இங்கிலீஷ் காய் ஆகாது" என்று சௌசௌவையும் முட்டைக்கோசையும் ஒதுக்கி வைக்கிறார்கள். பிதிர்க்களுக்கு அவை பிடிக்காதாம்! அதிருக்கட்டும், நம் ஊர்க் காயையாவது விட்டார்களா? சுரைக்காயும் ஆகாது என்கிறார்கள். சுரைக்காய் எவ்வளவு பழைய காய் தெரியுமா? மனிதன் பானை வனையத் தெரியாத காலத்திலேயே அதன் குடுக்கையில் தண்ணீர் மொண்டு குடித்தான். அந்தக் குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆறு கடந்தான். அதில் நரம்பு கட்டி இசை மீட்டினான். சன்னியாசி கையில் கமண்டலமாகப் போனதும் அதே சுரைதான். சன்னியாசி கையில் இருந்தால் புனிதமாம், செத்தவன் இலையில் விழுந்தால் தோஷமாம்! இது எந்த ஊர் நியாயம்?

பாகற்காய்க்கு மாத்திரம் அங்கே மிகப் பெரிய யோக்கியதை. அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வசிட்டர் வீட்டுத் திதிக்குச் சாப்பிட வரும் விசுவாமித்திரர் 1008 காய்கறி வேண்டும் என்று கேட்டாராம். அருந்ததி ஒரு பாகற்காய்க் கறி, ஒரு பிரண்டைத் துவையல், ஒரு பலாக்காய்க் கறி, இன்னும் எட்டுக் கறி வைத்தாளாம். பாகல் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம், ஆக மொத்தம் ஆயிரத்தெட்டு என்று கணக்கு நேராகி விட்டதாம்!

தோழர்களே, இந்தக் கணக்கை நீங்கள் ஒட்டன்சத்திரம் சந்தையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "இதோ ஒரு மூட்டை பாகற்காய், இது நூறு மூட்டைக்குச் சமம், நூறு மூட்டைக்குப் பணம் கொடு" என்று கேளுங்கள். தரகர் உங்களை எங்கே அனுப்புவார் என்பது உங்களுக்கே தெரியும். சந்தையில் செல்லாத கணக்கு சடங்கில் மாத்திரம் எப்படிச் செல்லுகிறது? சந்தையில் கேள்வி கேட்கிறோம், சடங்கில் கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

விரல் பட்ட பிஞ்சு

அடுத்தபடியாகச் சாகுபடிக்கு வருவோம். நீங்கள் பந்தல் போட்டுப் பழகியவர்கள். உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. சௌசௌவுக்கு விதையைத் தனியே எடுத்து ஊன்ற முடியாது. ஒரு காய்க்குள் ஒரே விதை. அது காய்க்குள் இருக்கும்போதே முளைத்துக் கொண்டு வெளியே தலை நீட்டுகிறது. முளைவிட்ட முழுக் காயையே குழியில் எருவிட்டு நடுகிறோம். ஆளுயரப் பந்தலில் ஏற்றுகிறோம். ஐந்தாறு மாதத்தில் காய்க்கிறது. காய்த்து ஓய்ந்தபின் கவாத்துச் செய்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது. புடலங்காய் சுருளாமல் நீள நுனியில் கல் கட்டுகிறோம். இவையெல்லாம் அனுபவத்தால் கண்டவை. செய்து பார்த்தோம், பலித்தது, வைத்துக் கொண்டோம்.

ஆனால் இந்த அனுபவத்தோடு கூடவே இரண்டு பொய்யையும் பந்தலில் ஏற்றிவிட்டிருக்கிறோம். ஒன்று, பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகி விடும் என்பது. மற்றது, மாதவிலக்கான பெண் பந்தலுக்குள் போனால் கொடி பட்டுப் போகும் என்பது.

நாம் சிறுவனாயிருந்த காலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் ஒரு சுரைப் பந்தல் இருந்தது. பிஞ்சைக் காட்ட வேண்டுமானால் விரலை மடக்கிக் கொண்டு முட்டியால்தான் காட்ட வேண்டும் என்பது நம் பாட்டியின் சட்டம். நமக்கு அது விளங்கவில்லை. ஒரு நாள் பந்தலில் எட்டுப் பிஞ்சு இருக்கும்போது, நான்கு பிஞ்சின் காம்பில் நூல் கட்டிவிட்டு, அந்த நான்கையும் காலையும் மாலையும் விரல் நீட்டிக் காட்டிக் கொண்டே வந்தோம். மற்ற நான்கைக் கையாலும் சுட்டவில்லை, கண்ணாலும் அதிகம் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நூல் கட்டிய நான்கில் மூன்று பருத்திருந்தன. சும்மா விட்ட நான்கில் இரண்டு சுருங்கி விழுந்திருந்தன. சந்தோஷத்தோடு பாட்டியிடம் ஓடிப் போய்ச் சொன்னோம். பாட்டி அந்த இரண்டு விழுந்ததற்கும் சேர்த்து நம்மை இரண்டு போட்டாள். அன்று நாம் தெரிந்துகொண்டது இரண்டு: விரலுக்கும் அழுகலுக்கும் சம்பந்தமில்லை, உண்மையைச் சோதித்துச் சொன்னவனுக்கு அடி உண்டு.

பிஞ்சு ஏன் விழுகிறது? காரணம் இருக்கிறது. இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில்தான் பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீயோ வண்டோ அந்துப் பூச்சியோ கொண்டுவந்து சேர்த்தால்தான் பிஞ்சு பிடிக்கும். சேராவிட்டால் மஞ்சளித்துச் சுருங்கி உதிரும். செடிக்கும் ஆண் பெண் உண்டு என்பதை 1694-லேயே ஜெர்மனியில் காமெராரியஸ் என்பவர் சோதனை செய்து காட்டிவிட்டார். ஆகவே பிஞ்சு உதிர்கிறது என்றால் தேனீ வருகிறதா என்று பாருங்கள். கண்ட மருந்தைப் பூப்பூக்கும் நேரத்தில் அடித்துத் தேனீயைக் கொன்றுவிட்டு விரலைக் குற்றம் சொல்லாதீர்கள். தேனீ இல்லாவிட்டால் நீங்களே ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவில் தடவுங்கள். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிகிறது. அப்போதே தடவ வேண்டும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிகின்றன. அவற்றுக்கு அந்திதான் நேரம்.

பிடித்த பிஞ்சும் அழுகினால் அது பெரும்பாலும் பழ ஈயின் வேலை. அந்த ஈ பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிறது. புழு உள்ளே தின்கிறது. காய் அழுகி விழுந்ததும் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி மறுபடி ஈயாக வருகிறது. ஆதலால் அழுகின காயைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். பந்தலடி மண்ணைக் கொத்திப் புரட்டுங்கள். நனைத்த கருவாட்டுத் தூள் வைத்த பொறியைத் தொங்க விடுங்கள். விரலை மடக்கினால் ஈ வராது என்று எந்த ஈயும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கண்ணேறு என்கிறீர்களே, இந்த மலை உச்சியில் கோடைக்கானலில் 1899-ல் ஏற்படுத்திய வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1901 முதல் அங்கே சூரியனையே கண்ணாடி வைத்துப் பார்த்து வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாய் உற்றுப் பார்த்தும் சூரியனுக்குக் கண்ணேறு படவில்லை. உங்கள் பூசணிப் பிஞ்சுக்குத்தானா படப் போகிறது?

தாய்மார்களே, அடுத்ததை உங்களுக்காகவே சொல்கிறோம். மாதவிலக்கான பெண் கொடியைத் தொட்டால் பட்டுப் போகும் என்கிறார்களே, இந்த மலையில் பந்தலுக்குக் களை எடுப்பது யார்? காய் பறிப்பது யார்? மூட்டைக்குக் காய் பொறுக்கிப் போடுவது யார்? கூலிக்கு வரும் பெண்கள்தானே? அந்தப் பெண் மாதம் முழுவதும் வேலைக்கு வருகிறாள். வராவிட்டால் அவளுக்குக் கூலி இல்லை. எந்தத் தோட்டக்காரராவது, "அம்மா, உனக்கு மூன்று நாள் விலக்கு, பந்தல் பட்டுப் போகும், கூலியை வாங்கிக் கொண்டு வீட்டில் இரு" என்று சொன்னதுண்டா? பணக்காரர் பந்தலில் கூலிக்கு நிற்கும்போது படாத கொடி, தன் வீட்டுக் கொல்லையில் அவளே நட்ட கொடியைத் தொட்டால் மாத்திரம் பட்டுப்போகுமா? ஆகவே தீட்டு என்பது கொடிக்காக ஏற்பட்டதல்ல. பெண் தன்னைத் தானே இழிவாய் நினைத்துக் கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. கொடிக்குத் தெரியாத தீட்டு உங்களுக்கு எதற்கு?

இந்த மலை வாழைக்கு வந்த கேட்டையும் நினைத்துப் பாருங்கள். விருப்பாட்சி வாழை முடிக்கொத்து நோயால் தோட்டம் தோட்டமாய் அழிந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகும் பழம் அது. ஆண்டவருக்கு வேண்டிய பழமாயிற்றே என்று அந்த நோய் விலகிப் போகவில்லை. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்றும், அதைப் பரப்புவது ஓர் அசுவினிப் பூச்சி என்றும் கண்டார்கள். நோயில்லாத திசுவிலிருந்து கன்று வளர்த்துக் கொடுத்தார்கள். வாழை திரும்பி வந்தது. தடியன்குடிசையிலே உங்கள் பக்கத்திலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடிக்கு நோய் வந்தால் ஓர் இலையைப் பறித்துக் கொண்டு அங்கே போங்கள். குறி சொல்பவனிடம் போகாதீர்கள்.

தெருவில் உடையும் கறி

இனிப் பூசணிக்காய். நான்கு ஐந்து கிலோ உள்ள ஒரு பூசணிக்காய் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் குழம்புக்கு ஆகும். அப்படிப்பட்ட காயை அமாவாசைக்கு அமாவாசையும் ஆயுத பூசையன்றும் கடை வாசலிலே சுற்றி, குங்குமத்தைக் கொட்டி, நடுத்தெருவில் போட்டு உடைக்கிறார்கள். குங்குமம் ஏன்? அது இரத்தம். ஒரு காலத்தில் ஆட்டையும் கோழியையும் வெட்டினார்கள். இப்போது காயை வெட்டி இரத்தம் பூசி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஏமாற்றுகிறார்கள். பூசணிக்காய்க்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாத தேவதைக்கு உங்கள் கடையைக் காப்பாற்றத் தெரியுமா?

உடைத்த காயின் மேல் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வழுக்கி விழுகிறவன் யார்? அவனும் தன் வீட்டில் திருஷ்டி கழித்துவிட்டு வந்தவன்தான்! பல ஊர்களில் ஆயுத பூசை வந்தால் சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று போலீசாரே கேட்டுக்கொள்ள வேண்டியதாய் இருக்கிறது. கண் படாமலிருக்க உடைத்த காய் காலை உடைக்கிறது. புது வீட்டின் முன் அரக்கன் முகம் எழுதிய பூசணிக்காயைத் தொங்கவிடுகிறவரைக் கேட்கிறோம்: அந்த முகத்தை நம்பிச் சிமெண்டைக் குறைத்துப் போட்டீர்களா? போடவில்லையே! அப்படியானால் வீட்டை நிறுத்துவது எது என்று உங்களுக்கே நன்றாய்த் தெரியும்.

இங்கே ஒரு தோழர், "அய்யா, பூசணி போட்ட விவசாயிக்கு அதனால்தானே நாலு காசு கிடைக்கிறது? நீங்கள் சொல்கிறபடி நடந்தால் அவன் வயிற்றில் அடித்ததாகாதா?" என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம். வாங்குகிறவன் உடைத்தாலும் விவசாயிக்கு அதே விலை, சமைத்தாலும் அதே விலை. உடைக்கிறவன் வருஷத்தில் சில நாள் வாங்குவான். சமைக்கிறவன் வாரா வாரம் வாங்குவான். ஆக்ராவில் இதே வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் இட்டுப் பேட்டா என்னும் மிட்டாய் செய்து தேசமெங்கும் விற்கிறார்கள். நம் கலியாண வீட்டுக் காசி அல்வாவும் பூசணிதான். ஆகவே விவசாயிக்கு வழி காயைத் தின்ன வைப்பதில் இருக்கிறது, தெருவில் சிந்த வைப்பதில் இல்லை. விலை படுத்துவிட்டால் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் சௌசௌ கொடியிலேயே முற்றி முளைவிட்டுக் கிடப்பதைப் பார்க்கிறோமே, அப்போது எந்தத் தேவதை வந்து மூட்டைக்கு விலை ஏற்றியது? விவசாயிகள் ஒன்று சேர்ந்து விற்கக் கற்றால் அல்லவோ தரகரிடம் பேச வாய் வரும்!

இந்தக் காய்களில் சத்து இல்லை என்றும் சிலர் இளப்பமாய்ப் பேசுவார்கள். பூசணியிலும் சௌசௌவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். அதை நாம் மறைக்கவில்லை. அவை வயிற்றுக்கு இலகுவான காய்கள். ஆனால் மஞ்சள் பரங்கியில் உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இருக்கிறது. அந்தச் சத்துக் குறைந்தால்தான் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வருகிறது. அதற்காகவே 1970 முதல் சர்க்கார் குழந்தைகளுக்கு அந்த மருந்தைச் சொட்டாகக் கொடுத்து வருகிறது. எண்ணெய் சேர்த்துச் செய்த பரங்கிக் கறியும் பரங்கிக் கீரையும் அந்த வேலையில் துணை செய்யும். பாகலில் வைட்டமின் சி நிறைய உண்டு. சௌசௌவின் இளந்துளிரையும் கிழங்கையும் மெக்சிகோவில் கறியாகவே தின்கிறார்கள். நாம் எறிந்து விடுகிறோம். மாலைக்கண்ணுக்கு மண்சோறு சாப்பிட்டு வேண்டிக் கொள்கிற தாய், அதற்குப் பதில் மஞ்சள் பரங்கியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, டாக்டரிடமும் காட்டட்டும்.

பேய்ச்சுரையில் பேய் எது?

நிற்க, இனி மருந்து. இங்கேதான் நாம் மிக எச்சரிக்கையாய்ப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி என்று நம் முன்னோர் பேர் வைத்தார்கள். இவற்றில் பேய் ஏதும் குடியிருக்கவில்லை. "இது கசக்கும், தின்னாதே, தின்றால் ஆளைக் கொல்லும்" என்பதைத்தான் பேய் என்ற ஒரு சொல்லால் சொல்லி வைத்தார்கள். அந்தப் பேய்க்கு இப்போது சரியான பேர் தெரிந்துவிட்டது: குக்கர்பிட்டாசின் என்னும் நஞ்சு. நல்ல சுரைக்காயிலும் சில சமயம் அது ஏறிவிடும். பக்கத்தில் காட்டுச் சுரை இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த விதையைப் போட்டால் அடுத்த வருஷக் கொடியில் கசப்புக் காய் வரும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, நீரிழிவுக்கு நல்லது என்று சுரைக்காய்ச் சாற்றையும் பாகற்காய்ச் சாற்றையும் கலந்து குடித்து இறந்து போனார். படித்தவர், விஞ்ஞானி, அவருக்கே இந்தக் கதி. பிறகு சர்க்கார் கேட்டுக் கொண்டபடி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்தது. அந்தக் குழு சொன்னது மிகச் சுலபமான சங்கதி: சாறு எடுப்பதற்கு முன் காயில் ஒரு சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பார், கசந்தால் காயை எறிந்துவிடு, மற்றச் சாற்றோடு கலக்காதே, குடித்தபின் வாந்தி, பேதி, வயிற்று வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, இதற்கு மாற்று மருந்து கிடையாது. பாகல் இயற்கையிலேயே கசப்பு. அதோடு சுரையைக் கலந்தால் சுரையின் கசப்பு தெரியாமல் போய்விடுகிறது. அதுதான் ஆபத்து.

பாருங்கள் தோழர்களே! எந்த மந்திரமும் வேண்டாம், எந்த யந்திரமும் வேண்டாம், நாக்குப் போதும். "முன்னோர் சொன்னது, இயற்கை, ஆகவே கெடுதல் செய்யாது" என்ற குருட்டு நம்பிக்கையால் நாக்கு சொல்வதைக் கேட்காமல் விழுங்குவதால்தான் சாவு வருகிறது. இயற்கையில் பாலும் உண்டு, பாஷாணமும் உண்டு. பழனியில் உள்ள சிலையைப் போகர் ஒன்பது பாஷாணத்தால் செய்தார் என்றும், அதன்மேல் ஊற்றியது சகல வியாதிக்கும் மருந்து என்றும் சொல்கிறார்களே, அந்தப் பழனி நகரத்திலே டாக்டர்களும் மருந்துக் கடைகளும் எதற்காக இருக்கின்றன என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

இன்சுலினும் பாகல் சாறும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்த வியாதி வந்துவிட்டது. அதோடு கூடவே, "மாத்திரையை எறி, ஊசியை எறி, பாகற்காய்ச் சாற்றைக் குடி" என்கிற வைத்தியர்களும் வந்துவிட்டார்கள்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்து பிழைத்தவர். நீரிழிவுக்காரர். அவருக்கு ஒருவர் இப்படிச் சொல்லி ஒரு புட்டிச் சாறும் ஒரு பொட்டலம் பொடியும் விற்றார். மாதாமாதம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தருமமாய்க் கிடைத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, கூலியில் பாதியைக் கொடுத்து அதை வாங்கிக் குடித்தார். கால் விரலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஆறாததைக் காட்டியபோது, "கசடு வெளியேறுகிறது, நல்லதுதான்" என்றாராம் விற்றவர். நாலாம் மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாம் பார்க்கப் போனபோது அவர் மனைவி, "எல்லாம் தலையெழுத்து, அண்ணே" என்று அழுதார்கள். அவர் மாத்திரம், "தலையில் எவனும் எழுதலே அண்ணே, நான் கேட்காமல் விட்டது" என்றார். தோழர்களே, அந்த ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லத்தான் நாம் இன்று சுரைக்காய்ப் பேச்சை எடுத்ததே!

பாகற்காயில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சர்க்கரையைச் சிறிது குறைக்கக் கூடிய பொருள்கள் அதில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள், ஆராய்ந்தும் வருகிறார்கள். ஆனால் 2012-ல் காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சி அமைப்பு, அதுவரை மனிதரிடம் முறையாக நடந்த நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, நீரிழிவுக்குப் பாகலைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிற்று. ஆகவே பாகற்காயைக் கறியாகத் தின்னுங்கள், ருசியாயிருக்கும், நல்லதும்கூட. ஆனால் மருந்துக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். மருந்தோடு சாறும் குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினாலும் ஆபத்துதான்.

இன்சுலின் எப்படி வந்தது? 1921-ல் கனடாவில் டொரன்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் முதலியவர்கள் ஆராய்ந்து கண்டார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதல் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. தவறு எங்கே என்று தேடி மருந்தை இன்னும் சுத்தம் செய்து மறுபடி போட்டார்கள், பையன் பிழைத்தான். பிறகு தங்கள் காப்புரிமையைப் பல்கலைக் கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்து விட்டார்கள். நம் ஊரில் புட்டி விற்கிறவரையும் இவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் "முதல் தடவை தவறிவிட்டது" என்று ஒப்புக்கொண்டு திருத்தினார். மற்றவர் கால் போனபிறகும் தவறு என்று சொல்லவில்லை. அறிவுக்கும் மோசடிக்கும் உள்ள அடையாளம் இதுதான்.

பழைய மருந்தெல்லாம் பொய் என்று எறிவதும் பகுத்தறிவல்ல. குடற்புழுவுக்குப் பரங்கி விதை கொடுப்பது பல நாட்டு வழக்கம். அமெரிக்க மருந்து நூலிலேயே 1863 முதல் 1936 வரை அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைவிட நல்ல மருந்து வந்தபின் எடுத்துவிட்டார்கள். யாரும் "என் பாட்டன் மருந்தை எடுத்தாயே" என்று சண்டைக்குப் போகவில்லை. பலித்தவரை வைத்துக்கொள், அதைவிடச் சிறந்தது வந்தால் விட்டுவிடு. இதுதான் முறை.

இன்னொன்றும் கேளுங்கள். எந்தக் கொடி நஞ்சு, எந்தக் கிழங்கு உணவு என்று முதலில் கண்டவர்கள் யார்? இதே மலையில் தேனும் கிழங்கும் எடுத்துத் திரிந்த பளியர்களைப் போன்றவர்கள்தான், ஆடு மேய்த்தவர்கள்தான், அடுப்படியில் நின்ற பெண்கள்தான். தின்று பார்த்தார்கள், சிலர் செத்தும் இருப்பார்கள், பிழைத்தவர்கள் மற்றவர்க்குச் சொன்னார்கள். அந்த அறிவை எல்லாம் ஏட்டில் எழுதி, சிவன் பார்வதிக்குச் சொன்னான், முனிவருக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்தது என்று பேரை மாற்றிக் கொண்டார்கள். உழைத்தவன் கண்டதை உட்கார்ந்தவன் பேரில் எழுதியது நிலத்தில் மாத்திரமல்ல, மருந்திலும் நடந்திருக்கிறது. கண்டவர்களை எட்ட நில் என்றார்கள். எழுதினவர்களைத் தொட்டுக் கும்பிடு என்றார்கள். பரம்பரை வைத்தியத்தில் உண்மையிலேயே பெருமைப்பட வேண்டுமானால் அந்தச் சோதித்துப் பார்க்கும் குணத்துக்குப் பெருமைப்படுங்கள். ஏட்டுக்கு அல்ல.

ஆகவே தோழர்களே, நாம் உங்களைக் கேட்டுக் கொள்வதெல்லாம் இவ்வளவுதான். வீட்டுக்கொரு கொடி போடுங்கள். மாதவிலக்கானாலும் இல்லாவிட்டாலும் பெண்களே நடட்டும், பறிக்கட்டும். பிள்ளைகள் பிஞ்சை எண்ணி விரல் நீட்டிக் காட்டட்டும். அடுத்த அமாவாசைக்கு வாங்கிய பூசணிக்காயைத் தெருவில் உடைக்காமல் அடுப்பில் ஏற்றுங்கள். சுரைக்காயை நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிட்டு, அந்தக் கொடியின் விதையை வைத்துக் கொள்ளாதீர்கள். நீரிழிவுக்கு எழுதிக் கொடுத்த மருந்தை எவர் சொன்னாலும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம். நம்முடைய பேச்சும் நீங்கள் சோதிக்கும் வரை ஏட்டுச் சுரைக்காய்தான். நாளைக் காலையில் உங்கள் பந்தலுக்குப் போய் நான்கு பிஞ்சில் நூலைக் கட்டி, நாலு நாள் விரல் நீட்டிக் காட்டிப் பாருங்கள். அழுகினால் நம்மை வந்து கேளுங்கள். அழுகாவிட்டால், இத்தனை காலம் விரலை மடக்கச் சொன்னவர்கள் உங்களை வேறு எதெதையெல்லாம் மடக்கச் சொன்னார்கள் என்று அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று கூறி நம் பேச்சை முடித்துக் கொள்கிறோம்.